மதுரை மேலமாசி வீதி குடும்ப வாட்ஸ்அப் குழு: ஆறு பேர், 1,477 ரூபாய்

17 நவம்பர் 2025, திங்கள்

பெரியப்பா (காலை 6:48): [படம்: பில்]

பெரியப்பா: நேற்று இரவு கோயிலிலிருந்து திரும்பும் வழியில் ஆறு பேர் சாப்பிட்டதற்கு வந்த பில். 1,477 ரூபாய். விருந்து இல்லை, வெறும் டிபன்.

பெரியப்பா: படம் தெளிவாக இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். இட்லி 2 பிளேட் 100. ரவா தோசை 3, ஒன்று 120. நெய் ரோஸ்ட் 2, ஒன்று 140. பரோட்டா செட் 110. வடை 4, ஒன்று 35. காபி 6, ஒன்று 45. தண்ணீர் பாட்டில் 2, ஒன்று 40. ஆக 1,340. அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 67. அதற்கும் மேல் ஜிஎஸ்டி 70.

தம்பி: பரோட்டா என்னுடையது. மன்னிக்கவும்.

பெரியப்பா: பரோட்டாவை விடு. அந்த வடை இருக்கிறதே, ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் மாவு. அதற்கு 35.

திண்டுக்கல் அத்தை: அண்ணே, காலையில் காபி குடித்தீர்களா இல்லையா?

பெரியப்பா: குடித்தேன். வீட்டில். அந்தக் கணக்கையும் கேள். ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். நாலு காபி வரும். தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்தாலும் டம்ளர் 10 ரூபாயைத் தாண்டாது. அங்கே 45. டபராவில் பாதி நுரை.

பெரியப்பா: அடுத்து இட்லி. இட்லி அரிசி ஒரு கிலோ 50, உளுந்து கால் கிலோ 35. நாலுக்கு ஒன்று. இந்த மாவில் 60 இட்லி வரும். ஒன்று ஒன்றரை ரூபாய்கூட ஆகவில்லை. சட்னி, சாம்பார் சேர்த்து 5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒன்று 25.

சித்தப்பா: சாமி சரணம்.

நான்: சித்தப்பா மாலை போட்டாச்சா?

சித்தப்பா: இன்று கார்த்திகை ஒன்று. காலை ஐந்து மணிக்கே போட்டாயிற்று. இனி சித்தப்பா இல்லை, சாமி என்று கூப்பிட வேண்டும்.

சித்தி: விரதம் சாமிக்கு. நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தது நான்.

சென்னை அண்ணன் (7:20): அப்பா, அந்த 67 ரூபாயை ஏன் கொடுத்தீர்கள்?

பெரியப்பா: பில்லில் போட்டிருந்தான். கொடுத்தேன்.

சென்னை அண்ணன்: சர்வீஸ் சார்ஜ் நாம் விரும்பினால் கொடுப்பது. அவர்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல்காரர்கள் சங்கம் வழக்குப் போட்டது. இந்த மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் ஆணையம் சொன்னது சரி என்று தீர்ப்புக் கொடுத்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணலாம்.

சென்னை அண்ணன்: இன்னொன்று. அந்த 67-க்கும் சேர்த்துத்தான் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். அது இல்லையென்றால் பில் 1,407.

பெரியப்பா: இதை நேற்று இரவு சொல்லியிருக்கலாமே!

சென்னை அண்ணன்: நேற்று இரவு நீங்கள் சாப்பிடப் போனதே இன்று காலையில்தானே எனக்குத் தெரியும்.

பெரியப்பா: சரி, தண்ணீர்? பாட்டிலில் 20 என்று அச்சடித்திருக்கிறது. 40 வாங்கியிருக்கிறான். இதற்கு யாருக்குப் போன் பண்ணுவது?

சென்னை அண்ணன்: அதில் ஒன்றும் செய்ய முடியாது. உட்காரும் இடம், பரிமாறும் ஆள் எல்லாம் சேர்ந்ததுதான் ஓட்டல், கடையில் பாட்டில் விற்பது போல இல்லை என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம்.

பெரியப்பா: அப்படியென்றால் பரிமாறுகிறவனுக்குத் தண்ணீரில் ஒரு தரம் வாங்கிவிட்டு, சர்வீஸ் சார்ஜில் இன்னொரு தரமா?

சென்னை அண்ணன்: அதைத்தான் நானும் சொல்கிறேன். சாதாரணத் தண்ணீர் என்று கேட்டிருந்தால் வைத்திருப்பார்கள். நீங்கள் உட்கார்ந்ததும் பையன் "மினரலா சார்?" என்று மூடியைத் திருகியிருப்பானே?

தம்பி: திருகினான். பெரியப்பா தலையாட்டினார். நான் சாட்சி.

சென்னை அண்ணன்: பாட்டிலும் இல்லை, சார்ஜும் இல்லையென்றால் 1,323. தலையாட்டியதில் 154 ரூபாய் போயிற்று.

சித்தப்பா: 154 ரூபாய்க்கு விடிந்ததிலிருந்து சண்டை. நான் சரணம் சொல்லப் போகிறேன்.

மாமா (8:05): மச்சான், நான் கொஞ்சம் பேசலாமா? அந்தப் பக்கம், என் மெஸ்ஸின் கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் நான்.

பெரியப்பா: பேசுங்கள் மாப்பிள்ளை. நீங்கள் நடத்தியபோது இட்லி என்ன விலை?

மாமா: விலையை அப்புறம் சொல்கிறேன். முதலில் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். இட்லி ஒரு கொப்பரை வைத்தால் ஐம்பது, அறுபது ஒரே தடவையில் வெந்துவிடும். ஆள் பக்கத்தில் நிற்கக்கூட வேண்டாம். சாதாரணத் தோசை ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் கல்லை விட்டு இறங்கிவிடும். ரவா தோசை அப்படி இல்லை. மாவைத் தெளித்து விட்டால் ஓரம் சிவக்கும் வரை கல்லில் படுத்துக் கிடக்கும். அது ஒன்று இறங்குவதற்குள் அதே இடத்தில் மூன்று சாதாரணத் தோசை போயிருக்கும். ரவையும் அரிசி மாவும் எட்டு, பத்து ரூபாய்தான். மீதி அது கல்லில் படுத்திருந்ததற்கு வாடகை.

நான்: இதை நான் யோசித்ததே இல்லை. கூட்ட நேரத்தில் "ரவா இல்லை சார்" என்று சொல்வது இதனால்தானா?

மாமா: மாவு உள்ளேதான் இருக்கும்! ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு யார் ரவா தோசை ஊற்றுவான்?

மாமா: அப்புறம் கேஸ். வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ, கடை சிலிண்டர் 19 கிலோ. கிலோ கணக்கில் பார்த்தால் வீட்டுக்கு 60 சில்லறை, கடைக்கு 90-ஐத் தாண்டும். வீட்டு கேஸுக்கு ஜிஎஸ்டி 5, கடை கேஸுக்கு 18. மாதம் பிறந்தால் இந்த முறை ஏறுமா இறங்குமா என்று ஒண்ணாம் தேதி காலையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தோசை மாஸ்டர் ஆயிரத்துக்குக் குறைந்து வர மாட்டார். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

பெரியப்பா: ஜிஎஸ்டியைத்தான் எங்களிடம் வாங்கிவிடுகிறீர்களே.

சென்னை அண்ணன்: அதில் ஒரு விஷயம் இருக்கிறது, அப்பா. நம்மிடம் வாங்கும் 5 சதவீதம் அப்படியே அரசாங்கத்துக்குப் போகிறது. கேஸுக்கும் வாடகைக்கும் அவர்கள் கட்டிய 18-ஐ இதில் கழித்துக்கொள்ள முடியாது. 2017 ஜூலையில் ஏசி ஓட்டலுக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 என்று இருந்தது. நவம்பரில் எல்லாவற்றையும் 5 ஆக்கியபோதே அந்தக் கழிவை எடுத்துவிட்டார்கள். அதனால் அந்த 18-உம் தோசை விலைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

மாமா: நான் அந்த 5-ஐக்கூட வாங்கியதில்லை. என் மெஸ் காம்போசிஷன் என்ற வரி முறையில் இருந்தது. நாங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் கேட்கக் கூடாது. இப்போது ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை அந்த முறையில் இருக்கலாம். ஆனால் அப்படி இருந்துகொண்டே பில்லில் ஜிஎஸ்டி போடுகிற சின்னக் கடைகள் இருக்கின்றன. பில்லில் காம்போசிஷன் என்று இருந்தால் வரி கொடுக்காதீர்கள்.

பெரியப்பா: இருங்கள். பூதக்கண்ணாடி எடுத்து வருகிறேன்.

பெரியப்பா (8:31): நம் பில்லில் அப்படி ஒன்றும் இல்லை. 2.5, 2.5 என்று இரண்டாகப் பிரித்துச் சரியாகத்தான் போட்டிருக்கிறான்.

நான்: கொஞ்சம் ஏமாற்றத்தோடு எழுதியது போல இருக்கிறது.

திண்டுக்கல் அத்தை: அண்ணே, சட்னியை மறந்துவிட்டீர்கள். நேற்று எத்தனை தடவை சட்னி கேட்டீர்கள்?

பெரியப்பா: மூன்று.

திண்டுக்கல் அத்தை: அதற்குப் பில் போட்டானா? மெஸ்ஸில் சட்னி அரைத்தவள் நான். இலையில் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் சட்னியைப் பார்த்தால் வயிறு எரியும். இந்த வருடம் தேங்காய் ஏறிய ஏற்றத்துக்கு, கடைக்காரர்கள் பொட்டுக்கடலையில் தேங்காயைக் காட்டிவிட்டு எடுத்துவிடுகிறார்கள். பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்.

மாமா: இட்லியில் வருவது சட்னியில் போய்விடும். கல்லாவைக் காப்பாற்றுவது காபிதான் மச்சான். அந்த 45-ஐப் பற்றி மட்டும் நான் வாதாட மாட்டேன்.

பெரியப்பா: ஒப்புக்கொண்டீர்களே, அது போதும்.

மதினி (9:10): இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். மாமா, நேரில் போய்ச் சூடாகச் சாப்பிட்ட நீங்கள் புலம்பினால் நாங்கள் எங்கே போவது? எங்கள் தெருமுனை ஓட்டலில் மசால் தோசை 95. அதே தோசை ஆப்பில் 128. அப்புறம் பேக்கிங், டெலிவரி, பிளாட்பார்ம் என்று மூன்று கட்டணம். 170-ஐத் தொடும். டப்பாவைத் திறந்தால் தோசை நனைந்த துண்டு மாதிரி மடிந்து கிடக்கும்.

பெரியப்பா: தெருமுனைதானே அம்மா? இறங்கி நடந்தால் என்ன?

மதினி: எட்டரைக்கு வேலை முடிந்து வருகிறேன், மாமா. உங்கள் பிள்ளை இறங்கி நடக்கட்டும்.

சென்னை அண்ணன்: மீட்டிங்கில் இருக்கிறேன்.

தம்பி: ஹா ஹா. காலை ஒன்பது மணிக்கே.

பெரியப்பா (9:40): சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிறு, 23-ஆம் தேதி, அப்பத்தாவுக்கு 82 முடிகிறது. பத்துப் பேர் கூடுகிறோம். நேற்று மாதிரி போனால் இரண்டாயிரத்து ஐந்நூறு. எனவே வீட்டிலேயே வைத்துக்கொள்வோம். மாவு இருக்கிறது. ஆளுக்கு மூன்று தோசை, இரண்டு சட்னி, கேசரி. முந்நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

தம்பி: சிம்மக்கல் பக்கம் கறி தோசை?

சித்தி: சாமி இருக்கிறார். நாக்கை அடக்கு.

பெரியம்மா (10:25): அடுப்பு வேலை முடிந்து இப்போதுதான் போனை எடுத்தேன். 84 செய்தி.

பெரியம்மா: பத்துப் பேருக்கு மூன்று என்றால் 30 தோசை. நம் வீட்டில் கல் ஒன்று. இட்லியாக இருந்தால் தட்டில் ஊற்றி வைத்துவிட்டு நானும் வந்து உட்காருவேன். தோசை அப்படியா? ஒருவர் தட்டில் விழும்போது அடுத்தவர் தட்டு காலி. "இன்னும் ஒன்று முறுகலாக" என்று ஹாலிலிருந்து குரல் வரும். அது யார் குரல் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து நான் உட்காரும்போது தேங்காய்ச் சட்னி முடிந்திருக்கும், காரச் சட்னி ஓரத்தில் ஒட்டியிருக்கும். எனக்குப் பாத்திரத்தை வழித்து ஊற்றிய அடிமாவுத் தோசை. அதுவும் ஆறியது, ஏனென்றால் அதைச் சுட்டதும் நான்தான்.

பெரியம்மா: காலையில் மாமா சொன்ன அந்த ரவா தோசையில் ஒன்று நேற்று நான் சாப்பிட்டது. கல்லிலிருந்து நேராக வந்தது. கை வைத்தால் சுட்டது. 120 ரூபாய் என்று எனக்குத் தெரியும், விலைப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

திண்டுக்கல் அத்தை: அண்ணி, மெஸ் நடத்திய நாலு வருடமும் எனக்கும் அடிமாவுதான்.

மதினி: அத்தை, ஞாயிறு நாங்கள் காலை ரயிலில் வருகிறோம். அடுப்புப் பக்கம் யாரும் போக வேண்டாம்.

நான் (10:50): பெரியப்பாவுக்கு நீல டிக் வந்துவிட்டது. பதில் வரவில்லை.

தம்பி: ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

பெரியப்பா (11:35): 30 தோசை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பெரியப்பா: ஞாயிறு இரவு எல்லோரும் வெளியே. ஆனால் நேற்றுப் போன இடம் வேண்டாம். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன ஓட்டலுக்கு நடந்து போய் விசாரித்துவிட்டு வந்தேன். ரவா தோசை 90. சர்வீஸ் சார்ஜ் உண்டா என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் அப்படியென்றால் என்ன என்று கேட்டார்.

மாமா: எட்டு மணிக்குப் போகாதீர்கள். ஏழுக்கே போய் உட்காருங்கள். முதலில் ரவாவைச் சொல்லிவிட்டு அப்புறம் மற்றதைச் சொல்லுங்கள்.

சித்தப்பா: எனக்கு இலை வேண்டாம். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து சும்மா உட்காருகிறேன்.

சித்தி: அதாவது சாமிக்குச் சமைத்துவிட்டுத்தான் நான் தோசை சாப்பிட வர வேண்டும்.

சித்தப்பா: ஞாயிறு ஒரு நாள் பழமும் பாலும் போதும். சாமி சரணம்.

தம்பி (12:10): [குரல் பதிவு, 0:22] அப்பத்தா பேசுகிறார். கேட்க முடியாதவர்களுக்காக: "பல் இல்லாதவளுக்கு எதற்குடா முறுகல்? எனக்குப் பொங்கலும் ஒரு காபியும் சொல்லுங்கள். காசு நான் கொடுக்கிறேன், சுருக்குப்பையில் ரெண்டாயிரம் ரூபாய் நோட்டு வைத்திருக்கிறேன்."

சென்னை அண்ணன்: ரெண்டாயிரம் நோட்டா? அதை ரிசர்வ் வங்கி 2023-லேயே திரும்ப வாங்கிக்கொண்டதே! அப்பத்தா, எந்த ஓட்டலிலும் எடுக்க மாட்டார்கள்.

தம்பி: சொன்னேன். "கொடுத்தது உன் பெரியப்பன்தான், அவனையே மாற்றிக் கொடுக்கச் சொல்" என்கிறார்.

பெரியப்பா: மாற்றித் தருகிறேன். தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோவோம். நாலு பாட்டில்.

பெரியம்மா: கொண்டுபோங்கள். காய்ச்சி ஆறவைத்து நிரப்புவது நீங்கள்.