‘ஒரே கூரை’ குழு, சனி இரவு முதல் திங்கள் காலை வரை

[சனி, இரவு 10.42]
சுதா: அம்மாவின் அறைக் கூரையிலிருந்து சற்று முன் ஒரு முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து, கட்டிலின் தலைமாட்டில் விழுந்தது. அம்மா அப்போது கூடத்தில் இருந்ததால் தப்பினார்கள். படம் அனுப்பியிருக்கிறேன், தலையணை மேல் கிடப்பதுதான் பெரிய துண்டு. அந்த மூலையில் ஓதம் படர்கிறது என்று 3 வாரமாக இந்தக் குழுவில் நான் எழுதிவருவது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

[10.44]
கணேசன்: அம்மாவுக்கு அடி ஒன்றும் படவில்லையே?

[10.45]
அம்மா: எனக்கு ஒன்றும் இல்லை. யாரும் கிளம்பி வர வேண்டாம்.

[10.46]
நிலா: பாட்டி என் அறையில், என் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறார்கள்.

[10.49]
அத்தை: அது எங்கள் அப்பாவின் கட்டில் அல்லவா? தலைப்பலகையில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

[10.50]
சுதா: கட்டிலுக்கும் ஒன்றும் இல்லை, அத்தை.

[11.03]
ரவி: இப்போதுதான் பார்த்தேன். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்திருக்கும். காலையில் பார்க்கிறேன்.

[11.05]
சுதா: தொட்டி வழிந்தால் உங்கள் கூரைதானே முதலில் நனைய வேண்டும், அண்ணா? உங்கள் வீட்டைத் தாண்டி என் வீட்டுக்கு அது எப்படி வந்தது?

[11.21]
சித்தப்பா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். முதல் வேலையாக, சுதா, அந்த அறையின் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போகும் மின்சாரத்தைப் பலகையிலேயே நிறுத்திவிடு; சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதே, ஏனெனில் கூரைக்குள் போகும் மின்கம்பிக் குழாயில் ஈரம் இறங்கியிருந்தால் விளக்கு எரியாதபோதும் கம்பியில் மின்சாரம் இருக்கக்கூடும். இரண்டாவதாக, அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. ஒரு துண்டு விழுந்த இடத்தைச் சுற்றிலும் இன்னும் சில துண்டுகள் பிடிப்பு விட்டுத் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒட்டடைக் கம்பின் நுனியால், தள்ளி நின்று, மெல்லத் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கெட்டியாக ஒலிக்கும், பிடிப்பு விட்ட இடம் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். விழுந்த இடத்தில் தளத்தின் இரும்புக் கம்பி தெரிகிறதா? தெரிந்தால் என்ன நிறத்தில் இருக்கிறது?

[11.30]
சுதா: மின்சாரத்தை நிறுத்திவிட்டேன். இரண்டு கம்பிகள் தெரிகின்றன. செங்கல் நிறத்தில், செதில் செதிலாக உரிகின்றன.

[11.44]
சித்தப்பா: நான் பயந்தது இதற்குத்தான். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி லேசில் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை அதன் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். ஆண்டுக்கணக்கில் ஈரமும் காற்றும் உள்ளே போகப் போக அந்தக் காப்பு அழிகிறது. துருவாக மாறிய இரும்பு, இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைப்போல் 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? கீழே இருக்கும் காரையைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறது. ஆகவே தலையணையில் கிடப்பது இன்று இரவு நடந்ததன் விளைவு அல்ல, பல ஆண்டுகளாக நடந்துவருவதன் விளைவு.

[11.46]
நிலா: சின்னத் தாத்தா, குரல்பதிவு அனுப்பக் கூடாது என்று தாங்கள் போட்ட விதியால் பாதிக்கப்படுவது தாங்கள் மட்டும்தான்.

[11.47]
சித்தப்பா: எழுதினால்தான் நாளைக்கு யாரும் மாற்றிப் பேச முடியாது.

[11.52]
மாலதி அண்ணி: போன முறை அந்த இடத்தில் வெள்ளையடித்தோமே, அது சரியாகத்தானே இருந்தது?

[11.54]
சுதா: 2 மாதம் சரியாக இருந்தது, அண்ணி. பிறகு வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றைத் தொட்டால் உள்ளிருந்து தண்ணீர் விரலில் வழிந்தது. அந்தப் படத்தையும் அப்போதே அனுப்பினேன், யாரும் பதில் எழுதவில்லை.

[11.58]
ரவி: எதற்கெடுத்தாலும் மேல்வீடுதான் காரணம் என்றால் நான் என்ன சொல்வது? என் குளியலறைத் தரையில் ஒரு டைல்ஸ்கூட அசையவில்லை.

[ஞாயிறு, காலை 6.35]
சித்தப்பா: டைல்ஸ் அசையாமல் இருப்பதற்கும் நீர் கசியாமல் இருப்பதற்கும் தொடர்பு இல்லை, ரவி. டைல்ஸ் நீரைத் தடுப்பதற்காகப் போடப்படுவது அல்ல. அதன் இடுக்குகள் வழியே கொஞ்சம் நீர் எப்போதும் இறங்கும். தடுப்பது அதற்கு அடியில் போட்ட நீர்காப்புப் பூச்சு. அதை நாம் சரியாகப் போட்டோமா என்பது வேறு கேள்வி. மாடி எழுப்பியபோது குளியலறைக்கு மேல் குளியலறை வரும்படி நான் வரைந்து கொடுத்த படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அப்படிக் கட்டியிருந்தால், கசிந்தாலும் கீழே குளியலறையில்தான் விழுந்திருக்கும்.

[6.41]
ரவி: குளியலறையைக் கிழக்கு மூலைக்கு மாற்றச் சொன்னது அப்பா.

[6.58]
அம்மா: அவர் சொல்லவில்லை. நீ சொன்னாய், அவர் தலையாட்டினார்.

[7.01]
கணேசன்: இத்தனை ஆண்டுகளில் அம்மா இந்தக் குழுவில் எழுதியதிலேயே சிறந்த வரி இதுதான்.

[7.03]
ரவி: நீ அங்கே உட்கார்ந்துகொண்டு நன்றாக ரசி. செலவு என்று வரும்போதும் இதே உற்சாகத்தோடு எழுது.

[7.04]
கணேசன்: அந்த வீட்டில் எனக்கு ஒரு சுவர்கூட இல்லை. ஆனாலும் செலவில் மூன்றில் ஒரு பங்கு என்று என் பெயர் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

[7.10]
அத்தை: பங்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்த அறை இனிப் பயன்படாது என்றால் கட்டிலை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று அண்ணன் இருக்கும்போதே கேட்டிருக்கிறேன்.

[7.12]
சுதா: அறை பயன்படாது என்று யாரும் சொல்லவில்லை, அத்தை.

[7.20]
சித்தப்பா: கட்டிலைப் பிறகு பேசலாம். சுதா, நீர் எப்போதெல்லாம் சொட்டுகிறது?

[7.26]
சுதா: நாள்காட்டியின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். காலை 7.20 வாக்கில் தொடங்குகிறது, 11 மணிக்குள் நின்றுவிடுகிறது, இரவு 9-க்கு மேல் மறுபடி கொஞ்சம் சொட்டுகிறது. மழை பெய்த நாளுக்கும் பெய்யாத நாளுக்கும் வேறுபாடு இல்லை. நிலா ஒவ்வொரு ஞாயிறும் ஓதத்தின் விளிம்பைப் பென்சிலால் வளைத்து வரைந்து தேதி எழுதுகிறாள். 3 கோடுகள் இருக்கின்றன, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே ஒரு சாண்.

[7.41]
சித்தப்பா: பாதி விடையை நீயே எழுதிவிட்டாய். மழைக்குத் தொடர்பில்லை என்பதால் மொட்டைமாடி காரணமல்ல. தண்ணீர் வரும் குழாய் உடைந்திருந்தால், அதில் எந்நேரமும் நீர் நிற்பதால், இரவு பகல் பாராமல் சொட்டும். குளிக்கும் நேரத்தில் தொடங்கிப் பிறகு நிற்கிறது என்றால், குளியலறைத் தரையோ அதன் வடிகாலோதான் கசிகிறது. இரண்டில் எது என்று தெரியாமல் கொத்தனாரைக் கூப்பிட்டால் அவர் முழுத் தரையையும் பெயர்க்கத்தான் சொல்வார். ஆகவே ஒரு சோதனை செய்வோம். ரவி, தண்ணீர் இறங்கும் சல்லடையைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பழைய துணியால் அந்த ஓட்டையை இறுக அடை. தரையில் 3 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்து. வாசற்படியைத் தாண்டக் கூடாது. நீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறி. பக்கத்திலேயே ஒரு குவளையில் தண்ணீர் வைத்து அதன் மட்டத்தையும் குறி. 24 மணி நேரத்தில் ஆவியாகிப் போவது எவ்வளவு என்பதை அந்தக் குவளை சொல்லும். தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்துவிட்டால், கீழே வருவது நம் தண்ணீர்தானா என்பதும் தெரியும்.

[7.45]
மாலதி அண்ணி: டைல்ஸ் இடுக்கெல்லாம் நீலமாகிவிடாதா, மாமா?

[7.46]
சித்தப்பா: ஆகும். தேய்த்தால் போகும்.

[7.48]
கணேசன்: துருப்பிடித்த தளத்தின் மேல் அவ்வளவு தண்ணீரை நிறுத்தலாமா?

[7.55]
சித்தப்பா: நல்ல கேள்வி. 1 சதுர மீட்டரில் 1 செ.மீ. நீர் நின்றால் அதன் எடை 10 கிலோ. அந்தக் குளியலறை ஏறக்குறைய 3 சதுர மீட்டர் என்பதால், 3 செ.மீ. நீருக்கு 90 கிலோ ஆகிறது. ரவி உள்ளே நின்று குளிப்பதைவிட அது பெரிய பாரம் அல்ல. ஆனாலும் சோதனை முடியும்வரை கீழே அறைக் கதவைப் பூட்டி வையுங்கள்.

[7.56]
ரவி: என் எடையை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

[7.59]
மாலதி அண்ணி: 24 மணி நேரம் நாங்கள் 4 பேரும் எங்கே குளிப்பது?

[8.03]
சுதா: கீழே வாருங்கள், அண்ணி. கார்த்தி மட்டும் கடைசியாக வரட்டும்; அவன் உள்ளே போனால் 40 நிமிடம் ஆகிறது, நிலாவுக்குத் திங்களன்று தேர்வு இருக்கிறது.

[8.05]
மாலதி அண்ணி: போன முறை நாங்கள் கீழே குளித்தபோது தரை ஈரமாகிவிட்டது என்று சொன்னீர்கள். அதனால்தான் கேட்டேன்.

[8.11]
சுதா: அது 6 ஆண்டுகளுக்கு முன், அண்ணி.

[8.40]
ரவி: தண்ணீர் நிறுத்திவிட்டேன். குறியும் போட்டாயிற்று, குவளையும் வைத்தாயிற்று. இனி நாளை இதே நேரத்தில் பேசலாம்.

[பிற்பகல் 3.15]
அத்தை: அந்தக் கட்டிலுக்கு ஆணியே கிடையாது, முழுவதும் மரச்சாவிகள்தான் என்பது இளையவர்களுக்குத் தெரியுமா?

[3.17]
நிலா: தெரியும், பாட்டி. ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் அது சொல்கிறது.

[இரவு 9.30]
சுதா: இதுவரை ஒரு சொட்டும் விழவில்லை.

[திங்கள், காலை 8.20]
ரவி: 24 மணி நேரம் முடியப்போகிறது. சுவரில் போட்ட கோட்டுக்குக் கீழே நீர் 2 மி.மீ. இறங்கியிருக்கிறது. குவளையிலும் அதே 2 மி.மீ.தான். இரண்டையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். கீழே ஒரு சொட்டும் இல்லை. என் குளியலறைதான் காரணம் என்று 3 வாரமாக எழுதியவர்கள் இப்போது ஏதாவது எழுதலாம்.

[8.22]
கணேசன்: அப்படியானால் தொட்டிதானா?

[8.29]
சித்தப்பா: அவசரப்படாதீர்கள். தரை நன்றாக இருக்கிறது என்பது உறுதியாயிற்று, நல்ல செய்திதான். ஆனால் எதை நாம் சோதிக்கவில்லை? துணி வைத்து அடைத்த ஓட்டைக்குக் கீழே இருப்பது நானி டிராப், அதாவது நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் நீரைத் தேக்கிவைக்கும் வடிகால் கிண்ணம். அதையும் அதிலிருந்து போகும் குழாயையும் சேர்க்கும் இணைப்புக்கு நேற்று முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகவில்லை. இப்போது துணியை எடு, ரவி. தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் இறங்க விடு. சுதா, நீ கதவருகிலேயே நின்று பார், உள்ளே போகாதே.

[8.33]
ரவி: எடுத்துவிட்டேன். இறங்குகிறது.

[8.44]
சுதா: ஒரு சொட்டு விழுந்தது.

[8.45]
சுதா: இன்னொன்று. கம்பி தெரியும் இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி.

[8.46]
நிலா: நீலம்.

[8.47]
நிலா: வெள்ளைத் துணியை விரித்து வைத்திருந்தேன், படம் அனுப்பியிருக்கிறேன். என் பள்ளிச் சட்டைக் காலரில் இருக்கும் அதே நீலம்.

[9.02]
சித்தப்பா: தரை முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை. வடிகால் வாயைச் சுற்றி 4 டைல்ஸை எடுத்து, டிராப்பை மாற்றி, இணைப்பைச் சரிசெய்து, சுற்றிலும் நீர்காப்புப் பூச்சு போட்டு, மூடுவதற்கு முன் மறுபடியும் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். கீழே கூரை வேலையை உடனே தொடங்கக் கூடாது. முதலில் நன்றாகக் காயட்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பிறகு தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பியில் துரு போகும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, அதன் பின் காரை. இந்த வரிசை மாறினால் அடுத்த ஆண்டும் இதே குழுவில் இதே படத்தைப் பார்ப்போம்.

[9.15]
சுதா: செலவை எப்படிப் பிரிப்பது என்பதையும் இப்போதே பேசிவிடலாமா?

[9.31]
மாலதி அண்ணி: மேலே நடக்கும் வேலை எங்களுடையது. கொத்தனாரின் எண்ணை அனுப்புங்கள், மாமா. கூரை யாருடையது என்பதை உங்கள் அண்ணன் வந்தபின் எழுதுவார்.

[9.33]
கணேசன்: ஒருவருடைய தரைதானே இன்னொருவருடைய கூரை. அதைப் பிரிப்பதற்கு எந்தக் கொத்தனாரும் வரமாட்டார்.

[9.34]
நிலா: பெரிய மாமா பார்த்துவிட்டார். நீலக் குறி வந்துவிட்டது.

[9.40]
அத்தை: வாரக்கணக்கில் அறை காய வேண்டுமென்றால் கட்டிலுக்கு ஈரம் ஆகாது. வண்டி அனுப்பட்டுமா?

[9.52]
அம்மா: கட்டில் எங்கேயும் போகாது. கூடத்தில் போடுங்கள், நான் அங்கே படுத்துக்கொள்கிறேன்.

[10.06]
ரவி: நானும் கார்த்தியும் கீழே வருகிறோம். எந்தப் பக்கத்துச் சாவியை முதலில் தட்ட வேண்டும்?

[10.07]
அத்தை: கால்மாட்டில் இடப்பக்கம். தலைப்பலகையைப் பிடித்துத் தூக்காதீர்கள்.