ஜாவா வேலைக்கு ஜேர்மனி வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு: இலக்க வரிசை எண் அல்ல

திருகோணமலையிலிருந்து இங்கு வந்து ஜாவா நிரல்மொழியில் எழுதும் வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைமாரின் கையில் முதல் மாதத்திலேயே வந்து சேரக்கூடிய ஒரு சின்ன வேலை, நீண்ட இலக்க வரிசையைக் கண்ணுக்கு இலகுவாகப் பிரித்துக் காட்டுவதாகும்.

அம்மா எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைச் சொல்லும்போது "சைபர் இரண்டு ஆறு" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டுத்தான் மிச்சத்தைத் தொடங்குவார். திரையில் நாம் விடும் இடைவெளி அந்த மூச்சுதான். நானோ முதல் வேலையில் அந்த இலக்கங்களை லாங் என்ற முழு எண் வகையில் சேமித்து, வாடிக்கையாளர் பட்டியல் முழுவதிலும் முன்னால் நின்ற சைபரைத் தொலைத்தேன். நிரலுக்குள் நேரடியாக நம் ஊரின் பகுதிக் குறியீட்டை 026 என்று எழுதினால் இன்னும் வேடிக்கை: சைபரில் தொடங்கும் முழு எண்ணை ஜாவா எட்டடிமான எண்ணாக (0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டும் கொண்ட முறையில்) வாசிப்பதால் நம் திருகோணமலை 22 ஆகிவிடும், மட்டக்களப்பின் 065 53 ஆகிவிடும், கண்டியின் 081 மட்டும், 8 என்ற இலக்கமே அம்முறையில் இல்லாததால், கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். (மூன்று ஊரிலும் கண்டிக்காரர்தான் அதிர்ஷ்டசாலி, பிழை அப்போதே தெரிந்துவிடுகிறது.) ஆகவே கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத இலக்கம் எதுவானாலும் அதை ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்துச் சரமாகவே, வைத்திருங்கள்.

இங்கே சம்பளத்துக்கும் வாடகைக்கும் எழுதிக் கொடுக்கும் ஐபான் (IBAN) எனும் சர்வதேச வங்கிக் கணக்கு இலக்கம் நான்கு நான்காகப் பிரித்தே அச்சிடப்படும். ஸ்ட்ரிங்கில் தேடி மாற்றும் ரிப்ளேஸ்ஆல் (replaceAll) கொண்டு ஒவ்வொரு நான்கு எழுத்துக்கும் பின்னால் ஓர் இடைவெளி சேர்ப்பது ஒரே வரி வேலைதான்; ஆனால் ஜேர்மன் ஐபான் 22 எழுத்து என்பதால் கடைசியில் இரண்டு எழுத்து மிஞ்சி, அந்த வரி சரியாக இருப்பதுபோலவே தோன்றும். 20 எழுத்துள்ள ஆஸ்திரிய ஐபானைக் கொடுத்துப் பாருங்கள், வால் முனையில் வேண்டாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து இன்னும் ஓர் எழுத்தாவது இருந்தால் மட்டும் இடைவெளி விடு என்ற நிபந்தனையை அந்த வரியிலேயே சேர்த்துவிட வேண்டும்.

பணத்தொகை வேறு விடயம். அது உண்மையான எண். இங்கே வாடகை ஒப்பந்தத்தில் 1.250 என்று கண்டால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ. புள்ளியையும் காற்புள்ளியையும் கையால் போடாமல், எண்ணை வடிவமைத்துத் தரும் நம்பர்ஃபோர்மட்டிடம் (NumberFormat) நாட்டுக்குரிய லொக்கேலை, அதாவது மொழி-நாட்டு அமைப்பை, கொடுத்து விட்டுவிடுங்கள்.

தரவுத்தளத்தில் இடைவெளி எதுவும் இருக்கக்கூடாது. பிரிப்பது காட்டும் இடத்தில் மட்டுமே. பயனர் வங்கிக் கடிதத்திலிருந்து பிரதிசெய்து ஒட்டும் ஐபானில் உடையா இடைவெளி (அந்த இடத்தில் வரி முறியாதபடி வைக்கும், சாதாரண இடைவெளிபோலவே தோன்றும் குறி) மறைந்து வரலாம். ஜாவாவின் தேடல் வடிவங்களில் வழக்கமாக எழுதும் \s என்ற வெற்றிடக் குறி அதைக் கண்டுகொள்வதில்லை. அதனால் இடைவெளியைத் தேடி நீக்குவதை விட, எழுத்தும் இலக்கமும் அல்லாத அனைத்தையும் நீக்கிய பின் சேமிப்பதே பாதுகாப்பானது.