மறு: டாலர் போட்ட முகவரிக்குத் தமிழில் என்ன பெயர்? (வெள்ளிக்கிழமை அச்சு)

ரோஸ் ஹில் ஆசிரியை:
வணக்கம். மாலை வகுப்புத் தமிழாசிரியர்களுக்காக விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) குறுக்குவழிகள் பற்றி நான்கு பக்கக் கையேடு எழுதியிருக்கிறேன். ஒரு சொல் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

பி2-இலிருந்து கீழே பொருள்களின் விலை. டி1 கட்டத்தில் நம் மொரீசியஸ் நாட்டு வாட் வரி, 15%. சி2-இல் =பி2*டி1 என்று எழுதிக் கீழே இழுத்தால் அடுத்தது =பி3*டி2 ஆகிவிடுகிறது. டி2 வெற்றுக் கட்டம், விடை பூச்சியம். போன வாரம் வகுப்பில் முதல் பொருளுக்கு மட்டும் வரி விழுந்தது. மற்றவை எல்லாம் வரிவிலக்குப் பெற்றுவிட்டன. =பி2*$டி$1 என்று எழுதினால் டி1 இடம் மாறாது. சூத்திரத்தில் டி1 மேல் நின்று எஃப்4 விசையைத் தட்டினால் டாலர் தானே விழும். இன்னொரு தட்டு டி$1, அடுத்தது $டி1, பிறகு பழையபடி டி1. இந்த நகராத முகவரிக்கு என்ன பெயர்? பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். நீண்ட சொல் வேண்டாம்.

மோகா:
தளைச் சுட்டு. தளை என்றால் கட்டு. யாப்பில் சீரோடு சீரைக் கட்டுவதும் அதுதான். வேறென்ன வேண்டும்?

ரோஸ் ஹில்:
ஐயா, சொல் அழகு. ஆனால் என் வகுப்பில் ளகரம் வாயில் நுழையாது. ‘தலைச் சுட்டு’ என்பார்கள். யார் தலை சுட்டது என்று பின்வரிசை கேட்கும்.

டர்பன்:
சுட்டு என்று ஐயா தொடங்கியதால் சொல்கிறேன். தொல்காப்பியர் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்றார். சாதாரண டி1 என்பது ‘இ’. ‘இந்த வீடு’ சொல்பவனோடு நகர்வதுபோல அதுவும் சூத்திரத்தோடு நகர்கிறது. $டி$1 என்பது ‘அ’. யார் எங்கே நின்று சொன்னாலும் அந்த வீடு அந்த வீடுதான். சரி, பாதி கட்டிப் பாதி அவிழ்த்த $டி1? அதுதான் ‘உ’! அண்மையும் இல்லை, சேய்மையும் இல்லை. நாம் தொலைத்த உகரச் சுட்டு யாழ்ப்பாணத்தில் ‘உவன்’, ‘உது’ என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. எனவே அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு, இடைமைச் சுட்டு. மூன்றும் ஆயத்தம்.

மாஹேபூர்:
தம்பி, படிக்க இனித்தது. ஆனால் பக்கத்துக் கட்டத்துக்கே டாலர் போட்டால் அது சேய்மையா? இங்கே பேச்சு தூரத்தைப் பற்றியது அல்ல, அசைவைப் பற்றியது. எங்கள் ஊரில் படகுகள் அலையோடு ஆடும். நங்கூரம் பாய்ச்சியது போகாது. ‘நங்கூரச் சுட்டு’ என்று வையுங்கள். வினையும் கூடவே வருகிறது: ‘டி1-க்கு நங்கூரம் போடு.’ தளையை வைத்து வகுப்பில் இப்படி ஏவ முடியுமா?

மோகா:
நங்கூரம் பாரசீக ‘லங்கர்’. தமிழ்க் கையேட்டுக்குப் பாரசீகமா?

டர்பன்:
‘நல் + கூர்’ என்று ஏன் பிரிக்கக் கூடாது? கூர்மையான முனை மண்ணில் பதிகிறதே!

மோகா:
அப்படிப் பிரித்தால் ‘நற்கூர்’ வரும். புணர்ச்சி விதியைக் கடலில் எறிந்துவிடாதீர்கள். (பாரசீகத்தை எதிர்த்த நானே இப்போது அதற்கு வழக்காடுகிறேன்.)

காத்ர் போர்ன்:
சொல் இருக்கட்டும், அந்தக் குறி ஏன் டாலர்? நம் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. 1998-இல் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சிட்ட நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்த நாடு இது. சூத்திரத்திலும் நமக்கொரு குறி கேட்கலாமே.

போர்ட் லூயி கணக்கர்:
அக்கா, அந்தக் குறி மென்பொருளோடு வந்தது, அதற்கும் காசுக்கும் உறவில்லை. இருபது வருடமாக இதில் உழல்பவன் சொல்கிறேன்: பெயரே தேவைப்படாத வழி ஒன்று உண்டு. டி1-ஐத் தேர்ந்தெடுத்து, சூத்திரப் பட்டையின் இடப்பக்கப் பெட்டியில் அதற்கு ஒரு பெயர் இட்டு, என்டர் தட்டுங்கள். பிறகு சூத்திரத்தில் அந்தப் பெயரை எழுதினால் போதும். எவ்வளவு கீழே இழுத்தாலும் நகராது, டாலரும் வேண்டாம். இழுக்கவும் வேண்டாம்: பக்கத்து நெடுவரிசை நிரம்பியிருந்தால், கட்டத்தின் வலக்கீழ் மூலைச் சதுரத்தை இருமுறை சொடுக்குங்கள், பட்டியல் முடியும்வரை தானே நிரம்பும். இதைக் கையேட்டில் சேர்க்காமல் சுட்டுக்கு நான்கு நாள் செலவழித்திருக்கிறோம்.

ரோஸ் ஹில்:
இரண்டையும் சேர்த்துவிட்டேன், அண்ணா. ஆனால் பழைய கோப்புகளைத் திறந்தால் பிள்ளைகள் டாலரைத்தான் பார்ப்பார்கள், பெயர் வேண்டும். நேற்று வகுப்பில் மூன்று சொற்களையும் பலகையில் எழுதினேன். தளையை யாரும் தொடவில்லை. சேய்மைச் சுட்டு என்றதும் ஒருவன் தொலைபேசியை எடுத்தான். நங்கூரத்துக்கு உடனே ஒரு படம் வரைந்தார்கள். பெரும்பான்மை நங்கூரம், அடைப்புக்குள் ‘டாலர் போட்டது’. $டி1-க்குச் சொல் இல்லை. ‘பாதி நங்கூரம்’ என்று எழுதி ஓடிவிட்டேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

டர்பன்:
பாதி நங்கூரமா! உகரம் இருக்கும்போதா?

மோகா:
என் மறுப்பு நிற்கிறது. அது போகட்டும், ‘நங்கூரச் சுட்டு’ என்பதில் ‘ச்’ போட்டீர்களா, விட்டீர்களா?