மெஸ்ஸர்ஸ்மிட் 108: மடங்கும் சக்கரத்தால் என்ன லாபம்?

செங்கழுகு:
1934-இல் வார்சாவில் நடந்த சர்வதேசச் சுற்றுலா விமானப் போட்டிக்காகவே ஜெர்மானியர்கள் செய்த விமானம் இது. உலோக உடல், ஒற்றை எஞ்சின், சக்கரம் இறக்கைக்குள் மடங்கிக்கொள்ளும். சரி, ஜெயித்தது யார்? போலந்தின் ஆர்டபிள்யூடி-9. முதல் இரண்டு இடமும் அதற்குத்தான், அதன் சக்கரம் எப்போதும் வெளியேதான். மெஸ்ஸர்ஸ்மிட் ஐந்தாவதாக வந்தது. வீண் எடை, வீண் சிக்கல்.

வானோடி:
விதிகளைப் பார்க்காமல் பேசாதீர்கள். மெதுவாகப் பறப்பது, தடையைத் தாண்டிக் குறுகிய இடத்தில் இறங்குவது, இதற்கெல்லாம் மதிப்பெண் இருந்தது. ஆர்டபிள்யூடி-9 சுமார் 54 கி.மீ. வேகத்திலும் விழாமல் பறந்தது, அருமையான விமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேகச் சோதனையில் 291 கி.மீ. தொட்டு முந்தியது எது?

செங்கழுகு:
அது சக்கரத்தால் மட்டும் வந்த வேகமா? வழவழப்பான உலோகத் தோல், மூடிய அறை, இவற்றுக்குப் பங்கே இல்லையா? இறங்கும்போது சக்கரத்தைக் கீழே விட மறந்தால் வயிறு தேய்ந்துபோகும், அந்தக் கணக்கையும் சேருங்கள்.

கரிசல்காட்டான்:
வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நாலு மடங்காகும் அண்ணா. 120-இல் போகிற விமானத்துக்குச் சக்கரம் வெளியே இருந்தால் பெரிய நஷ்டம் இல்லை, 250-ஐத் தாண்டினால் எஞ்சின் சக்தியில் நல்ல பங்கை அதுவே தின்றுவிடும். சுற்றுலா விமானம் என்றால் தூரம் போக வேண்டும். ஜெர்மானியப் பெண் விமானி எல்லி பைன்ஹார்ன் 1935 ஆகஸ்ட் 13 அன்று இந்த 108-இல், அப்போது ஜெர்மனியில் இருந்த கிளைவிட்ஸ் நகரிலிருந்து கிளம்பி, இஸ்தான்புல் போய், அன்றே பெர்லின் திரும்பினார், ஏறத்தாழ 3,500 கி.மீ. இந்த விமானத்துக்கு ‘டைஃபூன்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. வார்சா மதிப்பெண்ணைவிட எனக்கு இந்த ஒரு நாள் பெரிது.

செங்கழுகு:
அந்தப் பயணம் பெரிய சாதனைதான். ஆனால் சக்கரம் பொருத்திய கால்களைப் பாருங்கள்: உடலை ஒட்டிய கீலிலிருந்து வெளிப்பக்கமாக மடங்குகின்றன, அதனால் இரு சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு. இதே அமைப்பு மெஸ்ஸர்ஸ்மிட் 109 போர் விமானத்துக்கும் போய், தரையில் ஓடும்போதே எத்தனை விபத்துகள்!

வானோடி:
அது மடங்குவதன் குற்றம் இல்லை, மடங்கும் திசையின் குற்றம். 109 பறந்த அதே 1935-இல் பிரிட்டனில் ஹரிக்கேன் போர் விமானமும் பறந்தது. அதன் சக்கரங்கள் உள்பக்கமாக மடங்கின, கால்கள் அகலமாக நின்றன, கரடுமுரடான புல்வெளியிலும் தைரியமாக இறக்கினார்கள்.