கொத்துக்கறி கபாப்: வீட்டில் சுட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

கீழக்கரையான்:
துபாயில் எங்கள் ரூமுக்குக் கீழே ஓர் ஈரானியர் கடை இருந்தது. கொத்துக்கறியைக் கம்பியில் பிடித்துச் சுடும் கூபிதே கபாப் எனக்கு அங்கேதான் அறிமுகம். ஆட்டுக்கறி, வெங்காயம், உப்பு, மிளகு, மேலே தூவப் புளிப்பாகச் சுமாக் பொடி. கிட்டத்தட்ட அவ்வளவுதான். இஞ்சி பூண்டு விழுது இல்லாமல் கறியா என்று நம்மாட்கள் கேட்பார்கள். சாப்பிட்டால் கேட்கமாட்டார்கள்.

லீவில் ஊருக்கு வந்தபோது வீட்டில் செய்தேன். கறியில் கொழுப்பு இருக்கணும், தண்ணீர் இருக்கக்கூடாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். அந்தப் பக்கத்து ஆடுகள் பலவற்றுக்கு வாலிலேயே கொழுப்பு மூட்டை இருக்கும். நம்ம ராமநாதபுரம் வெள்ளை ஆட்டு வாலில் என்ன தேறும்? அதனால் முன்னங்கால் கறியும் நெஞ்சுக்கறியும் கொழுப்போடு கேட்டேன். "எல்லாரும் கொழுப்பை எடுங்கன்னு நிக்கிறாங்க, நீங்க போடுங்கன்னு நிக்கிறீங்களே தம்பி" என்றார் கறிக்கடை காக்கா (அண்ணன்). ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தால் சரியாக இருக்கும்.

அடுத்த வழக்கு உம்மாவிடம். கொத்துக்கறியை அலசாமல் அடுப்பில் ஏற்ற விடமாட்டார்கள். கொத்திய கறியை அலசினால் கம்பியில் நிற்காது. சரி என்று முழுத்துண்டாகவே வாங்கிவந்து, கழுவி, துணியில் ஒற்றி, அப்புறம் பலகையில் வைத்துக் கத்தியால் கொத்தினேன். இரண்டு பேருக்கும் சமாதானம். வெங்காயத்தையும் துருவித் துணியில் பிழிந்துவிட்டேன். அந்தச் சாறு ஆணத்துக்கு (குழம்புக்கு) போய்விட்டது.

உப்புப் போட்டுப் பிசையும்போது கவனியுங்கள். முதலில் உதிரும், பிறகு இழுவை வரும். உப்புதான் கறியின் புரதத்தை வெளியே இழுத்துப் பசையாக்குகிறது. ஓர் உருண்டையை உள்ளங்கையில் அப்பிக் கையைக் கவிழ்த்தால் விழக்கூடாது. அதுதான் பதம். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு கம்பியில் பிடிக்கணும். கம்பி பட்டையாக இருக்கட்டும், லேத் பட்டறையில் வெட்டித் தருவார்கள். உருண்டைக் கம்பியைத் திருப்பினால் கம்பி மட்டும்தான் சுற்றும், கறி அப்படியே இருக்கும்.

பாம்பன் பையன்:
அண்ணே, கரியைச் சொல்லாம விட்டுட்டீங்க. நம்ம மாவட்டத்தில் சீமைக்கருவேலக் கரிக்கு என்ன பஞ்சம்? மூட்டம் போடுகிற இடத்திலேயே வாங்கிக்கலாம். எங்களுக்குத் தொல்லை காற்றுதான். கச்சான் அடிக்கிற மாசத்தில் கடற்கரையில் சுடப் போனோம், ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சை. அப்புறம் வீட்டுக்குப் பின்னால் ஹாலோ பிளாக் கல்லை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் கரியைப் போட்டு, கம்பியைக் கல்மேல் குறுக்கே வைத்தோம். கம்பிவலை வேண்டாம், கறி ஒட்டிப் பிய்யாது. தழல் வெள்ளை பூத்த பிறகு வைக்கணும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் கம்பியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும், தண்ணீர் தெளிச்சுடாதீங்க, சாம்பல் எல்லாம் கறியில்தான் உட்காரும்.

தேவிபட்டினம் அக்கா:
கரியும் இல்லை கம்பியும் இல்லை, தோசைக்கல்தான் நமக்கு. விரல் நீளத்துக்குத் தட்டி, எண்ணெய் விடாமல் போட்டேன். அதன் கொழுப்பிலேயே வெந்தது. நான் முண்டு மிளகாயை வறுத்து இடித்துப் போட்டேன் தம்பி, ஈரானியர் கோபித்துக்கொள்ளட்டும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாயை வீட்டில் வைத்துக்கொண்டு வெறும் மிளகையா போடுவது? ஒரு சந்தேகம். முட்டையும் பொட்டுக்கடலை மாவும் சேர்க்கலாமா?

கீழக்கரையான்:
சேர்க்கலாம் ராத்தா, ஆனால் அது கோலா உருண்டைப் பக்கம் போய்விடும். நல்லா பிசைந்தால் இரண்டும் தேவைப்படாது. தோசைக்கல்லில் நடு வேகாமல் எடுத்துவிடாதீர்கள். கொத்தும்போது மேலே இருக்கிற கிருமி உள்ளே கலந்துவிடும், அதனால் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரணும். வெப்பமானி இல்லையென்றால் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், நடுவில் சிவப்புத் தெரிந்தால் மறுபடி கல்லில் போடுங்கள்.