வை-ஃபை கேட்டால் சிடி டிரைவ் வந்து நிற்கிறது: மூன்று பேரின் யூஎஸ்பி ஆள்மாறாட்ட அனுபவங்கள்

லினக்ஸ் மின்ட் போட்ட பழைய கணினிக்கு ஒரு யூஎஸ்பி வை-ஃபை டாங்கிள் வாங்கினேன். செருகினால் வை-ஃபையைக் காணோம். கோப்பு மேலாளரில் புதிதாக ஒரு சிடி முளைத்திருந்தது. திறந்தால் விண்டோஸுக்கான செட்டப் கோப்பு. பழுது என்று திருப்பி அனுப்பத் தோன்றும் இடம் இதுதான். அனுப்பாதீர்கள்.

செருகியிருக்கும் யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை, டாங்கிளின் அடையாள எண்ணாக 0பிடிஏ:1ஏ2பி என்று காட்டியது. டாங்கிளுக்குள் இருக்கும் ரியல்டெக் சில்லு முதலில் தன்னைச் சேமிப்புக் கருவி என்றே சொல்லிக்கொள்கிறது. தனியாகக் குறுந்தகடு கொடுக்காமல் டிரைவரை டாங்கிளுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். விண்டோஸில் அதை நிறுவியதும் வேடம் கலையும். லினக்ஸில் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருள்தான் கலைக்க வேண்டும். அதன் பட்டியலில் எண் இல்லையென்றால் சிடியாகவே கிடக்கும். ஹுவாவே டேட்டா கார்டு காலத்து ஆட்களுக்கு இந்தக் கூத்து பழக்கம்.

டெர்மினலில் இஜெக்ட் கட்டளை கொடுத்து அந்தப் போலிச் சிடியை வெளியே தள்ளினேன். லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவில் சாதனம் துண்டிக்கப்பட்டதாக ஒரு வரி. உடனே 0பிடிஏ:சி811 என்று புது எண், வை-ஃபை கருவியாக. இந்தச் சில்லை இயக்கும் ஆர்டிடபிள்யூ88 டிரைவருக்கு யூஎஸ்பி ஆதரவு கெர்னல் 6.2இல்தான் வந்தது, பழைய கெர்னல் வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள். கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி சிடிதான். செருகியதும் இஜெக்ட் தானாக நடக்கும்படி யூடெவ் விதி ஒன்று எழுதிவைத்தேன், தொல்லை விட்டது.

*

டாங்கிள்காரரே, உங்களுடையது நல்ல செய்தி. பென் டிரைவ் திடீரென்று "2307 பிராம்" என்று பெயர் சொன்னால் அது கெட்ட செய்தி. பென் டிரைவை இயக்கும் ஃபைசன் கன்ட்ரோலர் சில்லால், தகவல் சேமிக்கும் ஃபிளாஷ் சில்லிலிருந்து தன் ஃபர்ம்வேரையே (தன்னை இயக்கும் நிரலையே) படிக்க முடியவில்லை என்று பொருள். கோப்பு மீட்பு மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். படிக்க அதற்கு எதுவும் கிடைக்காது. கல்யாண வீடியோ உள்ளே இருந்தால் மீட்பு ஆய்வகம்தான் வழி.

*

எனக்கு நடந்தது ஹார்டு டிஸ்கில். 3 டிபி வெளி டிஸ்கின் யூஎஸ்பி சாக்கெட் ஆடிப்போனது. பெட்டியைப் பிரித்து, டிஸ்கை சாட்டா கேபிளில் கணினிக்குள் நேராக மாட்டினேன். விண்டோஸ் அதைப் படிக்க முடியாமல் ஃபார்மட் செய்யச் சொன்னது. அங்கே ஓகே அழுத்தினால் உள்ளே இருப்பதன் மேல் எழுதிவிடும்.

டிஸ்க் செக்டர் என்ற சிறு துண்டுகளாக எண்ணப்படும். டிஸ்கின் பகுதிகள் எங்கே தொடங்குகின்றன என்று குறித்துவைக்கும் பழைய பார்ட்டிஷன் டேபிள் முறையான எம்பிஆர், 512 பைட் செக்டர் கணக்கில் ஏறத்தாழ 2 டிபிக்கு மேல் தாண்டாது. பழைய விண்டோஸ் எக்ஸ்பியிலும் டிஸ்க் முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, அந்தப் பெட்டிச் சில்லு செக்டரை 4096 பைட் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டி போனதும் டிஸ்க் 512 என்று உண்மையைச் சொல்லிவிட்டது. டேபிளில் பகுதியின் தொடக்கம் 256ஆம் செக்டர் என்று இருக்கிறது. பெட்டிக்குள் அது 1 எம்பி தள்ளி, வெளியே 128 கேபி தள்ளி. அங்கே போய்ப் பார்த்தால் வெறும் இடம்.

நிறுவாமலே ஓடும் லினக்ஸ் லைவில் கணினியை ஏற்றி, டிஸ்கை வேறு செக்டர் அளவில் காட்டக்கூடிய லூசெட்டப் கட்டளைக்குச் செக்டர் அளவு 4096, படிக்க மட்டும் என்று கொடுத்தேன். கோப்புறைகள் அத்தனையும் வந்தன. சில பெட்டிகள் குறியாக்கமும் செய்யும். அவற்றில் இது பலிக்காது, அதே மாதிரிப் பெட்டி தேட வேண்டியதுதான். நான் எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டு, இதை 2 டிபி வரம்பில்லாத ஜிபிடி முறையில் புதிதாக ஃபார்மட் செய்தேன்.