மட்டக்களப்பு வாவிக்குள் என்ன போகிறது? நாங்கள் கண்டவை

கல்லடியில் இருந்து

மாரிக்கு முன் எங்கள் ஒழுங்கையின் கானைத் துப்புரவாக்க அயலவர்கள் சேர்ந்து இறங்கினோம். மழைத் தண்ணீர் வாவிக்குப் போவதற்காகக் கட்டிய கான் அது. மூடிகளைத் தூக்கினால் இரண்டு பக்கமும் வீடுகளில் இருந்து பிவிசி குழாய்கள். சிலவற்றில் வந்தது குசினித் தண்ணீர். மற்றவை மலசலகூடக் குழியில் இருந்து வருகின்றன என்பதை நாற்றமே காட்டியது.

அந்த வீட்டுக்காரர்களோடு கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் தரை. மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். ஊறிப்போக இடமில்லாமல் குழி பொங்கும்போது, கானுக்கு ஒரு குழாய் போடுவதுதான் கைக்கெட்டிய வழி. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வீட்டுக்கு வீடு வந்தது பெரிய நன்மை. ஆனால் தண்ணீர்ச் செலவு கூடினால் கழிவுநீரும் கூடும். அது போக வழி செய்யாமல் விட்டுவிட்டோம்.

வாவி 56 கிலோமீற்றர் நீளம், எதையும் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆழம் குறைவு என்பதை மறந்துவிடுகிறோம். கோடையில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் உள்ளே போன அழுக்கு உள்ளேயே கிடக்கும். மழை வந்து அந்த மணல் தடையை வெட்டித் திறக்கும் வரை அதே தண்ணீரில்தான் இறாலும் நண்டும் மணலை மீனும் வளர்கின்றன. அவற்றைத்தான் நாங்கள் சந்தையில் வாங்குகிறோம்.

பாசிக்குடாப் பக்கம் இருந்து

நான் ஒரு விடுதியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்தேன். கழிவைத் தின்பது பக்டீரியா, அதற்கு ஓயாமல் காற்று வேண்டும். அந்த பக்டீரியா வாழும் சேறு நல்ல நிலையில் இருந்தால் கபில நிறம், மழை நனைத்த மண் போல மணக்கும். மின்சாரக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவில் காற்றுப் பம்பியை நிறுத்தச் சொன்னார்கள். சில நாட்களில் சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தது. உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் உயிர் இரசாயன ஒட்சிசன் கேள்வி (அதில் உள்ள கழிவைத் தின்ன பக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் நாட்டு விதி. பம்பி நின்றால் அதை எட்டவே முடியாது. அளந்து காட்டிய பிறகுதான் திரும்பப் போட விட்டார்கள். எங்கள் ஊர்களுக்குச் சுத்திகரிப்பு நிலையம் கேட்பவர்கள், அதை ஓட்டும் செலவுக்கும் ஆளுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். கட்டுவது ஒருமுறை, ஓட்டுவது தினமும்.

புளியந்தீவில் இருந்து

குழி நிரம்பியதும் தனியார் பவுசர் ஒன்றைக் கூப்பிட்டேன். "எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீங்க தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவம் அக்கா" என்றார். இடத்தைச் சொல்லவே இல்லை. வேண்டாம் என்று அனுப்பிவிட்டு மாநகர சபையின் பவுசருக்குப் பதிந்தேன். காத்திருக்க வேண்டியிருந்தது, பரவாயில்லை. அடுத்தமுறை மழைக்கு முன்பே எடுக்கப்போகிறேன். தண்ணீர் மட்டம் உயர்ந்த பிறகு எடுத்தால் குழிக்குள் நிலத்தடி நீர்தான் திரும்ப நிரம்பும்.

கல்லடி அண்ணன், அந்தக் குழாய்களை என்ன செய்தீர்கள்?

கல்லடியில் இருந்து

சும்மா அடைத்தால் முற்றத்தில் பொங்கும், தங்கச்சி. அதனால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டு முதலில் சேர்ந்தன. குழிக்குப் பதிலாக அடி பூசிய இரட்டை அறைத் தொட்டி. அதில் தெளிந்து வரும் தண்ணீர், தரைக்கு மேலே உயர்த்திக் கட்டிய சரளைக்கல் பாத்திக்குப் போகிறது. அங்கே கல்வாழை நட்டிருக்கிறோம். குசினித் தண்ணீருக்குக் கொழுப்புப் பிடிக்கும் சின்னப் பெட்டி தனியாக. அந்த இரண்டு குழாய்களையும் கழற்றிவிட்டோம். மற்ற வீடுகளோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்; செலவுதான் தடை. இதற்குச் சபையிலோ வேறெங்கோ உதவி கிடைத்தவர்கள் இருந்தால் விபரம் எழுதுங்கள்.